விலை கூடிய அடுப்பு லாபமா?

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடைக்கு அம்மாவுடனும் அப்பத்தாவுடனும் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள காஸ் அடுப்பு பழசாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு அடுப்புகளை எடுத்து வைக்கிறார். இரண்டிலும் இரண்டிரண்டு பர்னர்கள். ஒன்று சாதாரண எவர்சில்வர் அடுப்பு. விலை 2,000 ரூபாய். மற்றது கறுப்புக் கண்ணாடி பதித்துப் பளபளவென்று இருக்கிறது. விலை 6,000 ரூபாய்.

"இதையே எடுத்துக்கங்க ஆச்சி, காஸ் நிறைய மிச்சமாகும்" என்கிறார் கடைக்காரர். "அடுப்புல என்ன இருக்கு? எல்லாம் ஆக்குறவ கையிலதான் இருக்கு" என்கிறார் அப்பத்தா. அம்மா உங்கள் பக்கம் திரும்பி, "நீதான் பத்தாவது படிக்கிறியே, எது சரின்னு சொல்லு" என்கிறார்.

என்ன சொல்வீர்கள்? வித்தியாசம் 4,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. நீங்கள் பள்ளியில் படித்த வெப்பவியலும் கொஞ்சம் கணக்கும் போதும். இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிடலாம்.

அடுப்புக்குள் நடப்பது என்ன?

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் அவை திரவமாக்கப்பட்டிருக்கின்றன. குமிழைத் திறந்ததும் வாயு ஒரு மிகச் சிறிய துளை வழியே வேகமாகப் பாய்கிறது. அந்த வேகத்தால் சுற்றிலுமுள்ள காற்றும் குழாய்க்குள் இழுக்கப்பட்டு அதனுடன் கலக்கிறது. ஜெர்மனியில் 1855ஆம் ஆண்டில் விஞ்ஞானி புன்சன் தம் ஆய்வுக்கூடத்துக்காக உருவாக்கிய விளக்கும் இதே முறையில்தான் எரிகிறது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். போதிய காற்றுக் கிடைத்தால் சுடர் நீலமாக எரியும். கிடைக்காவிட்டால் எரியாத கரித்துகள்கள் சுடரில் பழுத்து ஒளிவிடும்; சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி படியும். மஞ்சள் சுடர் என்றால் நாம் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளில் ஒரு பகுதி கரியாகப் போகிறது என்று பொருள்.

வெப்பம் எல்லாம் பாத்திரத்துக்குப் போகிறதா?

போவதில்லை. சூடான வாயுக்களில் ஒரு பகுதி பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஓடிவிடுகிறது. ஒரு பகுதி அடுப்பின் உடலைச் சூடாக்குகிறது. இன்னொரு பகுதி கதிர்வீச்சாக நாற்புறமும் பரவுகிறது. அடுப்பருகே நிற்கும் அம்மாவின் முகம் வியர்ப்பது இந்த இழப்பினால்தான். எரிபொருள் தந்த வெப்பத்தில் பாத்திரத்துக்குள் சென்று சேரும் பங்கையே வெப்பப் பயன்திறன் என்கிறோம்.

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டி விறகிட்டு எரித்த கோட்டை அடுப்பைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய திறந்த விறகடுப்புகளில் 100 பங்கு வெப்பத்தில் 10 அல்லது 15 பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். காஸ் அடுப்போ மிகவும் முன்னேறிய கருவி. வீட்டு காஸ் அடுப்புக்கான ஐ.எஸ். 4246 என்னும் இந்தியத் தர விதி, பயன்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 2,000 ரூபாய் அடுப்பும் இந்தத் தேர்வில் தேறிய அடுப்புத்தான்.

6,000 ரூபாய் அடுப்பின் பயன்திறன் 72 சதவீதம் என்று அதன் அட்டையில் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். இந்த 4 சதவீதத்தின் மதிப்பு என்ன?

ஒரு கிராம் கணக்கு

2 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆகவே மொத்தத் தேவை 2 × 4.2 × 70 = 588 கிலோஜூல்.

ஒரு கிராம் சமையல் வாயு எரிந்தால் ஏறக்குறைய 46 கிலோஜூல் கிடைக்கும். துளியும் வீணாகாவிட்டால் 12.8 கிராம் வாயு போதும். 68 சதவீத அடுப்பில் 18.8 கிராம் ஆகும். 72 சதவீத அடுப்பில் 17.8 கிராம் ஆகும். வித்தியாசம் ஒரே ஒரு கிராம்!

ஒரு கிராம்தானே என்று தள்ளிவிடவும் கூடாது. ஆகா என்று மயங்கவும் கூடாது. ஓர் ஆண்டுக்கு அது எவ்வளவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பத்து ஆண்டும் பதினான்கு மாதமும்

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (விலை அவ்வப்போது மாறும், உங்கள் வீட்டு ரசீதில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.) சாதாரண அடுப்பில் ஒரு சிலிண்டர் 45 நாள் வந்தால் ஆண்டுக்கு 8 சிலிண்டர், செலவு 7,200 ரூபாய். நல்ல அடுப்பில் மிச்சமாவது 72இல் 4 பங்கு, அதாவது 400 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 4,000 ரூபாய் திரும்பி வர 10 ஆண்டுகள் ஆகும்.

இனி இன்னொரு வீட்டுக்குப் போவோம். முறுக்கு, சீடை, அதிரசம் என்று பலகாரம் சுட்டு விற்பது இப்பகுதியில் பல குடும்பங்களின் பிழைப்பு. அத்தகைய ஒரு வீட்டில் நாளுக்கு 2 கிலோ வாயு எரிகிறது, ஆண்டில் 300 நாள் வேலை நடக்கிறது என்று கொள்வோம். தொழிலுக்கு எரிப்போர் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அது கிலோவுக்குக் கூடுதல் விலை. கிலோ 100 ரூபாய் என்றால் ஆண்டுச் செலவு 60,000 ரூபாய். அங்கும் அடுப்பு விலையில் 4,000 ரூபாய் வித்தியாசம், பயன்திறனில் அதே 4 சதவீத வித்தியாசம் என்றால் மிச்சம் 3,333 ரூபாய். போட்ட பணம் பதினான்கு, பதினைந்து மாதங்களில் வந்துவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

கவனித்தீர்களா? சதவீதம் ஒன்றே; கூடுதல் விலையும் ஒன்றே. ஒரு வீட்டுக்கு அது நல்ல முதலீடு, இன்னொரு வீட்டுக்கு அன்று. அடுப்பின் விலையை ஒரு முறைதான் கொடுக்கிறோம். எரிபொருளின் விலையை நாள்தோறும் கொடுக்கிறோம். நாள்தோறும் எரிப்பது அதிகமானால்தான் நல்ல அடுப்புக்குக் கொடுத்த பணம் விரைவில் திரும்பும்.

பெரிய எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இறைச்சி சுடுவதற்குக் காஸ் கிரில் என்னும் அடுப்பு வைத்திருப்பார்கள். அதன் விளம்பரத்தில் மணிக்கு 30,000 பி.டி.யு. என்று பெரிதாகப் போட்டிருக்கும். பி.டி.யு. என்பது வெப்பத்துக்கான பழைய ஆங்கில அளவு, ஒரு பி.டி.யு. ஏறக்குறைய 1,055 ஜூல். அந்த எண்ணைக் கிராமாக மாற்றிப் பார்த்தால், அந்தக் கிரில் மணிக்கு 700 கிராம் அளவுக்கு வாயுவை எரிக்கும் என்று தெரியும். அது எவ்வளவு தின்னும் என்பதைக் காட்டும் எண்ணே தவிர, எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதைக் காட்டும் எண் அன்று. நம்மூர்க் கடையில் "ஜம்போ பர்னர்" என்று சொன்னாலும் இதை நினைவில் வையுங்கள். சிறிய பாத்திரத்தின் கீழ் பெரிய சுடர் எரிந்தால் விளிம்பைத் தாண்டும் சுடர் முழுவதும் வீண்.

வேறு எதற்காக விலை கூடுகிறது?

கண்ணாடித் தளம் துடைக்க எளிது; பார்க்க அழகு. பாத்திரத்துக்குப் போகும் வெப்பத்தை அது கூட்டுவதில்லை. கனமான பித்தளை பர்னருக்குக் கொடுக்கும் பணம் அப்படியன்று. பித்தளை துருப்பிடிக்காது, ஆகவே அதன் துளைகள் பல ஆண்டுகள் அளவு மாறாமல் இருக்கும், சுடரும் சீராக இருக்கும். எவர்சில்வரில் உள்ள குரோமியம் காற்றுடன் சேர்ந்து மிக மெல்லிய ஆக்சைடு படலமாகி உலோகத்தைக் காக்கிறது. உலோகம் அரிக்கப்படுவதும் அதைத் தடுப்பதும் பெரிய விஞ்ஞானத் துறை. காரைக்குடியிலேயே 1953ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் அது ஒரு முக்கிய ஆராய்ச்சிப் பிரிவு.

சுடரை மிகவும் குறைத்தாலும் அணையாமல் சீராக எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் அளவாகக் காய வேண்டும், அதிகமானால் சிவந்துபோகும். குமிழுக்குக் கீழ்ப்படியும் அடுப்புக்குச் சற்றுக் கூடுதல் கொடுப்பதில் நியாயம் உண்டு.

காசில்லாத சேமிப்பு

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் சுடரைக் கூட்டினால் இன்னும் சூடாகுமா? ஆகாது. திறந்த பாத்திரத்தில் அது 100 டிகிரியிலேயே நிற்கும். கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,260 ஜூல் வேண்டும். கால் லிட்டர் நீர் வீணாக ஆவியாகிப் போனால் 565 கிலோஜூல் நஷ்டம். 2 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஆன 588 கிலோஜூலுடன் இதை ஒப்பிடுங்கள்! விலை கூடிய அடுப்பு மிச்சப்படுத்துவது 1 கிராம். கொதித்தபின் சுடரைக் குறைத்து மூடி போட்டால் மிச்சமாவது 18 கிராம் வரை.

அப்பத்தா சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறதல்லவா? பருப்பை ஊறவைத்து வேகவைத்தல், பிரஷர் குக்கரைப் பயன்படுத்துதல், பர்னர் துளைகளைச் சுத்தமாக வைத்தல் ஆகியவையும் இவ்வகையே.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் 1 லிட்டர் நீர் ஊற்றி, குமிழை ஓர் இடத்தில் வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு நேரத்தைக் குறியுங்கள். பாத்திரமும் அடுப்பும் ஆறியபின் புதிய நீரை ஊற்றி, குமிழை அதே இடத்தில் வைத்து, மூடிபோட்டுச் செய்யுங்கள். சுடர் மாறாதிருந்தால் நேரமே வாயுவின் அளவு. மும்முறை செய்து சராசரி எடுங்கள். புதுச் சிலிண்டர் மாட்டும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால் உங்கள் வீட்டின் ஆண்டுச் செலவும் கைக்கு வந்துவிடும்.

இனிக் கடைக்குத் திரும்புவோம். கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா? பயன்திறன் எத்தனை சதவீதம்? பர்னர் பழுதானால் இந்த ஊரிலேயே மாற்றக் கிடைக்குமா? பிறகு அம்மாவிடம் சொல்லுங்கள்: "நம்ம வீட்டுக்கு 2,000 ரூபாய் அடுப்பே போதும்மா. நாம பலகாரக் கடை வைக்கும்போது மத்ததை வாங்கிக்கலாம்." அப்பத்தா சிரிப்பார். மீந்த 4,000 ரூபாயை என்ன செய்யலாம் என்று யோசிக்கும் வேலை அம்மாவுக்கு!