சுரங்கத் தண்ணீர்: ஆலையின் சோதனை அறிக்கையை விவசாயி கேட்கலாம்

குள்ளஞ்சாவடி வட்டாரத்தில் மேட்டு நிலத்தில் முந்திரியும் மணிலாவும், தாழ்வான நிலத்தில் நெல்லும் பயிராகின்றன. பெருமாள் ஏரிப் பாசனத் தண்ணீரில் ஒரு பகுதி நெய்வேலி சுரங்கத்திலிருந்து வருகிறது. பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க வேண்டுமானால், அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். முதல் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கியது 1957-ல். இறைத்த நீர் வாய்க்கால் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. கோடையிலும் தண்ணீர் கிடைப்பதால் பலன் அடைந்தவர்கள் உண்டு. கூடவே மண்ணும் சாம்பல் வண்டலும் வந்து ஏரி தூர்ந்து விட்டது என்பது ஆயக்கட்டு விவசாயிகளின் நெடுநாள் குறை.

2023-ல் 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு வெளியிட்ட ஆய்வு, நெய்வேலி சுற்றுப்புற நீரில் பாதரசம் அளவுக்கு மேல் இருப்பதாகக் கூறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக் கொண்டது.

வெளியார் சோதித்தது ஒருபுறம் இருக்கட்டும். ஆலைகள் தாமே சோதித்து எழுதி வைத்திருக்கும் கணக்கை விவசாயி பார்க்க முடியுமா?

அமெரிக்காவில் ஒரு பூட்டு

அமெரிக்காவில் 1993-ல் ஆரிகன் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. ஆலை தானாக முன்வந்து தன் மாசு நிலையைத் தணிக்கை செய்தால், அந்த அறிக்கையை வழக்கில் அதற்கு எதிராகக் காட்ட முடியாது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் கோர்ட்டில் கேட்க முடியாதல்லவா, அது போன்ற காப்பு. மேலும் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. எழுதியதெல்லாம் தனக்கு எதிராகத் திரும்பும் என்றால் எந்த ஆலைதான் உள்ளதை எழுதும் என்பது அவர்கள் வாதம். இதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. எழுதாத காகிதத்தை யாரும் கேட்க முடியாது. ஆனால் கெட்டுப்போன கிணற்றுக்காரருக்குச் சாட்சியமே பூட்டுக்குள் போய்விடுகிறது. மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம் இந்தக் காப்பை ஏற்கவில்லை. 1995-ல் அது வேறு வழி கண்டது: தவறைத் தானே கண்டுபிடித்து, விரைவில் தெரிவித்து, சரிசெய்யும் ஆலைக்கு அபராதத்தைக் குறைப்பது. தவறு செய்து சேர்த்த லாபத்துக்கு மட்டும் தள்ளுபடி இல்லை.

நம் நாட்டில்

இங்கே அப்படிப்பட்ட காப்புச் சட்டம் இல்லை. வக்கீலுக்கு உள்ள ரகசியம் மாசுத் தணிக்கையாளருக்குக் கிடையாது. 1992-ல் மத்திய அரசு சேர்த்த விதிப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டிய ஆலைகள் ஆண்டுதோறும் 'ஐந்தாம் படிவம்' என்னும் சுற்றுச்சூழல் அறிக்கையை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மார்ச் 31-ல் முடியும் ஆண்டுக்குக் கெடு செப்டம்பர் 30. வெளியே விட்ட மாசு எவ்வளவு, நிர்ணய அளவுக்கு எத்தனை சதவீதம் வித்தியாசம், அதற்குக் காரணம் என்ன என்றெல்லாம் அதில் எழுத வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கம், மின் நிலையம் போன்றவை ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். 2006-ம் ஆண்டு அறிவிக்கையில் இவை பொது ஆவணங்கள் என்றே எழுதியிருக்கிறது. யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும்.

ஆலை தன் உபயோகத்துக்கு மட்டும் செய்து அலமாரியில் வைத்த தணிக்கைதான் சிக்கல். தனியார் ஆலையானால் நேரே கேட்டு வாங்க முடியாது. வழக்கு வந்தால் அதைக் கொண்டு வரும்படி பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். நெய்வேலி நிறுவனம் மத்திய அரசுடையது. ஆகவே தகவல் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். வியாபார ரகசியம் என்று மறுத்தாலும், பொது நலன் பெரிது என்று காட்டி மேல்முறையீடு செய்யலாம்.

மனு எழுதும் முறை

"மாசு பற்றிய விவரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். எந்த ஆலை, எந்த ஆண்டு, ஐந்தாம் படிவமா, அரையாண்டு அறிக்கையா என்று பெயர் குறிப்பிட வேண்டும். வாரியத்துக்கான மனுவை அதன் கடலூர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

நகல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது 'வித்தியாசம்' என்ற பத்தி. இரண்டு மூன்று ஆண்டு நகல்களை வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தால், எண்கள் ஏறுகின்றனவா அல்லது சென்ற ஆண்டு எண்ணையே திரும்ப எழுதியிருக்கிறார்களா என்பது புலப்படும்.