நம் கணக்கில் வந்த பிறர் பணம்



முன்பெல்லாம் தோட்டத்தில் சம்பள நாள் என்றால் ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். கிராணியார் எண்ணிக் கொடுத்ததில் ஒரு நோட்டு கூடுதலாக இருந்தால், அதை அவரிடமே திருப்பிக் கொடுப்போம். வழியில் நிற்கும் யாரோ ஒருவர் "அது என்னுடையது" என்று சொன்னால் அவர் கையில் கொடுத்துவிட மாட்டோம். இன்று நாம் பார்க்கப்போகும் விஷயத்துக்கும் இந்த வழக்கமே வழிகாட்டி.

இப்போது சுங்கை சிப்புட் தோட்டத்து வீடுகளிலும் தாமான்களிலும் பணம் கைத்தொலைபேசி வழியாகவே வந்து போகிறது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமான 'டூயிட்நாவ்' முறையில் வங்கிக் கணக்கு எண்கூட வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ போதும். ஈப்போவில் வேலை செய்யும் மகன் ஓர் எண்ணை மாற்றி அழுத்தினால், தாய்க்கு அனுப்பிய 300 வெள்ளி முன்பின் அறியாத ஒருவரிடம் போய்விடக்கூடும்.

அப்படிப்பட்ட பணம் நம் கணக்கில் வந்தால் அது நமக்குச் சொந்தமா? இல்லை. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவில் கூறுகிறது. பிறர் பணம் என்று தெரிந்தே செலவழித்தால், குற்றவியல் சட்டத்தின் 403ஆம் பிரிவின்கீழ் கையாடல் குற்றமாகவும் ஆகலாம்.

சரி, உடனே நாமே திருப்பி அனுப்பிவிடலாமா? இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பிள்ளையின் மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணம், கைதவறி உங்களுக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சுவார். அவர் சொல்லும் கணக்கோ வேறொருவருடையது. வந்த பணம், மூன்றாம் மனிதர் ஒருவரை ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். நாம் அனுப்பினால், திருடனுக்காகப் பணத்தைக் கடத்திக் கொடுத்தவர்கள் ஆகிறோம். பணத்தை இழந்தவர் போலீசில் புகார் செய்தால், விசாரணை முதலில் நம் கணக்கைத் தேடித்தான் வரும். இவ்வாறு பிறருக்காகப் பணம் சுமக்கும் கணக்கைத்தான் மலாயில் 'கெல்டாய்', அதாவது கழுதை, கணக்கு என்கிறார்கள். இதைத் தடுக்க 2024ஆம் ஆண்டு குற்றவியல் சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது.

இன்னும் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, பணமே அனுப்பாமல் போலி ரசீதை மட்டும் அனுப்பிவிட்டுத் திருப்பிக் கேட்பது. மற்றொன்று, நாம் கேட்காமலேயே ஆலோங் கும்பல் பணத்தைப் போட்டுவிட்டு, பிறகு வட்டி கேட்டு மிரட்டுவது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவைதாம்:

முதலாவது, வந்த குறுஞ்செய்தியை நம்பாமல், வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்துப் பணம் உண்மையில் வந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, வந்த பணத்தில் ஒரு காசும் தொடக்கூடாது.

மூன்றாவது, நம் வங்கிக்கு நேரில் செல்ல வேண்டும்; அல்லது வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணை அழைக்க வேண்டும். தேதி, நேரம், தொகை ஆகியவற்றைச் சொல்லி, வங்கி மூலமாகவே திருப்பி அனுப்பக் கேட்க வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்.

நான்காவது, அழைத்தவரிடம், "உங்கள் வங்கியில் சொல்லுங்கள், அவர்கள் எங்கள் வங்கியோடு பேசுவார்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். உண்மையாகவே தவறியவர் அப்படியே செய்வார். ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லக்கூடாது. மிரட்டினால் போலீசில் புகார் செய்ய வேண்டும்.

நாமே தவறி அனுப்பிவிட்டால்? அன்றைக்கே நம் வங்கியில் தெரிவிக்க வேண்டும். நாள் கடந்தால், பெற்றவர் செலவழித்துவிடுவார்; மீட்பது கடினம். பணம் அனுப்புமுன் திரையில் பெறுபவரின் பெயர் தெரியும். அதைப் படித்த பிறகே உறுதி செய்வது நல்லது. மோசடியில் பணம் போயிருந்தால், 2022ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்கலாம்.

நேயர்களே, வீட்டில் உள்ள பெரியவர்கள் மலாய்க் குறுஞ்செய்தியைப் படிக்க இயலாமல் தவிக்கலாம். பிள்ளைகள் அதைப் படித்துக் காட்டுங்கள். 997 என்ற எண்ணை நாள்காட்டியில் பெரிதாக எழுதி மாட்டி வையுங்கள்.