வேலை கிடைக்காத வாலிபர்
தனி ஆளாகச் செய்த வீடியோ கேம்!
நாலரை ஆண்டு உழைப்பு

ஒரு பெரிய வீடியோ கேம் தயாரிக்க நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்வார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரைச் சேர்ந்த எரிக் பரோன் தனி ஆளாகவே ஒன்றைச் செய்து முடித்தார்.

2011-ல் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவருக்கு வேலை கிடைக்கவில்லை. கை பழகட்டுமே என்று ஒரு விவசாய விளையாட்டைத் தொடங்கினார்.

படம், இசை, கதை, புரோகிராம் எல்லாம் அவரே! தினம் சுமார் 10 மணி நேர வேலை. பிடிக்காத படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் வரைந்தார்.

வீட்டுச் செலவுக்கு? காதலியின் சம்பளம்தான்! இவரும் பகுதி நேரமாக, தியேட்டரில் சீட் காட்டும் வேலைக்குப் போனார்.

2016 பிப்ரவரி 26-ந்தேதி 'ஸ்டார்டியூ வேலி' வெளிவந்தது. இரண்டே மாதத்தில் 10 லட்சம் விற்றது! 2024 கடைசிக்குள் 4 கோடியைத் தாண்டியது.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாலரை வருஷமும் விளையாட்டால் ஒரு காசு வரவில்லை!