விளக்குச் செய்வோர் வீட்டில் இருள் சூழலாமா?

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்குச் செல்வோர், அங்கு 1973இல் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காணாமல் திரும்புவதில்லை. அதன் சுவர்ச் சிற்பங்கள் கோவலன் கண்ணகி கதையைச் சொல்லுகின்றன. கோவலன் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். பொருளையெல்லாம் இழந்தபின் அவன் செய்தது என்ன? பெற்றோரிடமும் சொல்லாமல், மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டு, பொழுது விடியுமுன் மதுரைக்குப் புறப்பட்டான். வறுமை வீழ்த்துமுன்னே வெட்கம் அவனை வீழ்த்திவிட்டது.

அன்பு வாசகர்களே, கதை பழையது. அந்த வெட்கம் பழையதன்று.

அதே 1973இல் தோன்றிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், தன் விற்பனை நிலையங்களுக்குப் பூம்புகார் என்றே பெயர் சூட்டியது. அங்கு விற்கப்படும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் புகழ்பெற்ற ஊர், கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில். அன்னம் அமர்ந்த உச்சிக்குப் பதிலாகச் சிலுவை தாங்கிய விளக்கை நம் ஆலய விழாக்களிலும் ஏற்றுகிறோம். அதைச் செய்த குடும்பத்தை என்றேனும் நினைத்ததுண்டா?

அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என விளக்கின் உறுப்புகளைத் தனித்தனியே மணல் அச்சில் வார்த்து, கடைந்து, மெருகிட்டுப் பொருத்துகிறார்கள். ஒரு விளக்கு விற்குமுன்பே பித்தளைக்கும் எரிபொருளுக்கும் கூலிக்கும் பணம் போய்விடுகிறது. ஆகவே பட்டறையின் முதல் பெட்டியில் இருப்பதில்லை. விலைபோகாத விளக்குகளாக அலமாரியில் நிற்கிறது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது திருமணங்களும் திருவிழாக்களும் ஒடுங்கின. அவ்வாண்டு வேளாங்கண்ணிப் பெருவிழாவே திருப்பயணிகள் கூட்டமின்றி நடந்தது. விழாக்களை நம்பிய கைத்தொழில்கள் என்னாகும்? முடியும் நாள் தெரிந்த துன்பத்தைத் தாங்கலாம். முடிவு தெரியாத மந்தமே மனிதனை வாட்டுகிறது.

இத்தகைய காலத்தில் பட்டறைக் குடும்பம் செய்ய வேண்டியவை எவை?

முதலாவது, கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கணக்கெழுத வேண்டும். வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் தாங்கும்? தாளில் எழுதிய அச்சம், நெஞ்சில் கிடக்கும் அச்சத்தைவிடச் சிறியது.

இரண்டாவது, கந்துவட்டியின் வாசலை மிதிக்கலாகாது. அதைத் தடுக்க 2003இலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. வங்கித் தவணை தவறுமென்று தோன்றினால், தவறுமுன்பே மேலாளரைக் கண்டு பேசுவது நலம். தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது நிரம்பிய கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 25 விழுக்காடு, அதிக அளவாக 50,000 ரூபாய், மானியம் வழங்க வகை செய்கிறது. நம் தொழில் அதில் அடங்குமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

மூன்றாவது, கருவிகளை விற்கலாகாது. இருக்கும் பித்தளையை விற்றால் மீண்டும் வாங்கலாம். கடைசல் இயந்திரத்தையும் அச்சுக்கான மாதிரிகளையும் இழந்தால் தொழிலே போய்விடும். பெரிய விளக்கு விலைபோகாத நாளில் சிறு கைவிளக்குகள் செய்யலாம். பழைய விளக்குகளைப் பழுதுபார்த்து மெருகிட்டுத் தரலாம். அதற்கு முதல் குறைவு, கைத்திறனே போதும்.

இனி, நம் கடமைக்கு வருவோம். உழைப்பவனுக்கு வேண்டியது பிச்சையன்று, வேலை. அவருக்குத் தரவேண்டிய பாக்கியை இன்றே தீர்ப்போம். அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் திருமணத்திற்கோ பங்கின் விழாவிற்கோ தேவையான விளக்கை இப்போதே சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுப்போம். மந்த காலமென்று அடிமாட்டு விலைக்குக் கேட்பது, விழுந்தவன்மேல் ஏறி நடப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் வீட்டிற்குச் செல்வோம். "தொழில் எப்படி?" என்று வாசலில் நின்று கேட்டால், "பரவாயில்லை" என்றுதான் விடை வரும். உள்ளே சென்று அமர்ந்து கேட்டால் உண்மை வரும். அன்று புகாரில் யாரேனும் ஒருவர் கோவலன் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், அந்தச் சிலம்பு மதுரைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

நம் தெருவில் எந்தப் பட்டறையின் ஓசை ஓய்ந்திருக்கிறது? இந்த ஞாயிறு மாலையே சென்று கேட்போம்.