தொழுகை வரிசையில் பெருகும் நாற்காலிகள்: உடல் எடையைக் குறைப்பதில் நமக்குள்ள சவால்கள்

நமது பள்ளிவாசல்களில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் கண்டு வருகிறோம். தொழுகை வரிசைகளின் ஓரத்தில் நாற்காலிகள் அதிகரித்து வருகின்றன. முன்பெல்லாம் எழுபது வயதைக் கடந்த ஓரிரு பெரியவர்கள்தாம் நாற்காலியில் அமர்ந்து தொழுவார்கள். இன்று ஐம்பது வயதை எட்டாத சகோதரர்கள்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தேடுகிறார்கள்.

நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. நாற்காலியில் தொழும் எவரையும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு வயது, மரபு, பழைய காயம் எனப் பல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் நம்மில் கணிசமானோருக்கு உடல் எடையும் ஒரு காரணம். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று மூட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்கால் ஒவ்வோர் அடியிலும் இருபது கிலோ மூட்டையை இறக்கி வைக்கிறது. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்யும் பாக்கியம் சிலருக்கு இந்தச் சில கிலோக்களில் அடங்கியிருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதித்த ஆய்வு அது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் நீரிழிவின் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் மட்டும் 39.5 சதவீதம். நமது தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம், தேசிய சராசரி 11.4.

நம்மவர்களுக்கு ஒல்லியான கை கால்களும் முன்தள்ளிய வயிறும் சேர்ந்தே அமைகின்றன. குடலைச் சுற்றியும் ஈரலிலும் படியும் இந்தக் கொழுப்பு இன்சுலின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கான அளவுகோலை மருத்துவர்கள் தனியே வகுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை. எடை பார்க்கும் இயந்திரம் இல்லாத வீட்டிலும் தையல் டேப் இருக்கும். இன்றே அளந்து பார்த்துவிடலாம்.

உழைப்பு குறைந்தது, உணவு குறையவில்லை

நாம் வசிக்கும் ஆலங்குளம் பகுதி கரிசல் பூமி. இங்குள்ள பெரியவர்கள் காட்டு வேலைக்கும், சிமெண்ட் ஆலைக்கும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெசவுக்கும் நடந்தோ சைக்கிளிலோ போனவர்கள். குடிதண்ணீரைப் பெண்கள் குடத்தில் சுமந்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் தினசரி உடற்பயிற்சியாக இருந்தன. அந்த உழைப்புக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது.

இன்று அடுத்த தெருவிலுள்ள கடைக்கும் பைக்தான். உணவோ முன்பைவிட அதிகம். நமது வட்டாரத்தின் தின்பண்டப் பெருமையும் சாதாரணமானதா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, எண்ணெயில் பொரித்தெடுக்கும் விருதுநகர் பரோட்டா, சாத்தூர் காராச்சேவு மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றன. இதோடு நமது வீடுகளின் நெய்ச்சோறும் பிரியாணியும் சேர்ந்துகொள்கின்றன. இவை எதுவும் ஹராம் அல்ல. தினசரி உணவாக ஆகிவிட்டதுதான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. ஒரு குவளைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போட்டால் 40 கலோரி. நாளுக்கு நான்கு தேநீர் என்றால் 160. அதாவது, காலை நடையின் முழுப் பலனையும் தேநீர்ச் சர்க்கரையே விழுங்கிவிடும். "தினமும் நடக்கிறேன், ஹஜ்ரத், எடை குறையவே இல்லை" என்று சொல்லும் சகோதரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நமது அனுபவம்

மத்ரஸாவில் பாடம் நடத்துவதும், கிதாபு பார்ப்பதும், பயான் தயாரிப்பதும் அமர்ந்தே செய்யும் வேலைகள். ஆலிம்களுக்கு விருந்து அழைப்புக்கும் குறைவிருக்காது. நாற்பது வயதைக் கடந்தபோது நமது இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். இரத்த அழுத்தமும் எல்லையைத் தொட்டது. மருத்துவர் சொன்னது இரண்டே விஷயங்கள்: தினமும் நடக்க வேண்டும், தட்டில் சோற்றைப் பாதியாக்க வேண்டும்.

பஜ்ருக்குப் பிறகு நடப்பதை வழக்கமாக்கினோம். முதல் வாரம் பதினைந்து நிமிடம், பிறகு அரை மணி, அதன் பிறகு முக்கால் மணி நேரம். வெயில் ஏறிவிட்டால் கரிசல் காட்டுச் சாலையில் நடக்க முடியாது என்பதால், பஜ்ரை விட்டால் அன்றைய நடை இல்லை என்பது உறுதியானது. அதுவே ஒழுங்கைக் கற்றுத் தந்தது. சோற்றைக் குறைத்த இடத்தில் காய்கறியும் பருப்பும் முட்டையும் மீனும் வந்தன. தேநீர் இரண்டாகி, சர்க்கரை நின்றது.

முதல் நான்கு மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தது. அடுத்த மூன்று மாதங்கள் முள் அசையவே இல்லை. பெரும்பாலோர் கைவிடும் கட்டம் இதுதான். இதற்குக் காரணம் உண்டு. உடல் இலேசாகும்போது அதே நடைக்கு முன்பைவிடக் குறைந்த சக்தியே போதும். பஞ்சம் வந்துவிட்டதோ என்று எண்ணி உடல் சிக்கனமாகவும் செலவழிக்கும். எடை நின்றிருந்த அந்த மூன்று மாதங்களில் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்ததை டேப் காட்டியது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது என்று தசைக்கு வேலை தரும் பயிற்சிகளை அப்போது சேர்த்துக்கொண்டோம். பதினான்கு மாதங்களில் மொத்தம் ஒன்பது கிலோ. பெரிய சாதனை அல்ல. ஆனால் அல்ஹம்துலில்லாஹ், இரத்த அழுத்தம் இறங்கியது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது.

விரைவுக்கு ஆசைப்படலாமா?

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 250 கலோரி குறைத்தால் ஒரு கிலோ குறைய ஒரு மாதம் ஆகும். "பத்து நாளில் பத்துக் கிலோ" என்று விளம்பரம் செய்பவர்கள் நமது உடல் நீரையும் தசையையும் பணத்தையும்தான் குறைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2009இல் நடந்த எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி அவர்களில் 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. நால்வர் போட்டிக்கு முன்பிருந்ததையும் தாண்டிவிட்டார்கள். அதே எடையுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களது உடல் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவழித்தது. மன உறுதி இல்லாததால்தான் எடை ஏறுகிறது என்று பிறரைப் பழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பருமன் என்பது உடலின் இயக்கத்தோடு தொடர்புடைய ஒரு நோய்.

2025முதல் வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் எடைக் குறைப்பு ஊசிகள் நமது நாட்டிலும் விற்பனைக்கு வந்துள்ளன. தேவைப்படுவோருக்கு அவை பயன் தருகின்றன. பக்க விளைவுகளும் இருப்பதால் மருத்துவர் பரிந்துரை இல்லாமல் நெருங்கக் கூடாது.

நமக்கு ஊக்கம் தரும் ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். தினசரி நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்ட பிரிவினருக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எனவே, முள் அசையாத மாதங்களிலும் நமது நடை வீண் போவதில்லை.

விருந்தும் நோன்பும்

நமது சமூகத்தில் அன்பு என்பது உணவாகவே பரிமாறப்படுகிறது. சஹனில் நால்வர் சேர்ந்து உண்ணும்போது ஒருவர் கையை நிறுத்தினால் மற்றவர்கள் விடமாட்டார்கள். "என் கையால் ஒரு வாய்" என்று மாமி சொல்லும்போது மறுப்பது எளிதல்ல. வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாம், வலீமாவில் விருந்தாளியை வற்புறுத்துவதை உபசரிப்பு என்று நினைக்கிறோம். "போதும்" என்று விருந்தாளி சொன்னால் அதை மதிப்பதும் உபசரிப்புதான்.

ரமளானில் எடை தானாகவே குறையும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. சிறிதளவு குறைந்தாலும், பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் அது திரும்பிவிடுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் போதுமான உணவு. அதற்கு மேல் வடை, சமோசா, சர்பத், இரவில் பரோட்டா என்று சேரும்போது பகல் முழுதும் குறைத்தது இரவில் கூடிவிடுகிறது. நோன்பு இறையச்சத்துக்கானது, தொழுகை இறைவனை நினைவுகூர்வதற்கானது. "ஐவேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சி" என்று சொல்லி நடையைத் தவிர்ப்பது இபாதத்துக்கும் நியாயமல்ல, உடலுக்கும் நியாயமல்ல. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்றே வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் உணவைத் திடீரெனக் குறைப்பதும் நோன்பு வைப்பதும் ஆபத்து என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெண்கள் எங்கே நடப்பார்கள்?

ஆண்களுக்குச் சாலை இருக்கிறது. நமது பெண்களுக்கு? காலையில் நடக்கப் போகும் பெண்ணைத் தெருவே பார்க்கிறது; சொந்தக்காரர்களே கேலி பேசுகிறார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் நாள் முழுதும் நின்றபடி இருந்தும் இதயத்துக்குத் தேவையான இயக்கம் கிடைக்காமல் போகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏறிய எடை இறங்காமலே ஆண்டுகள் கழிகின்றன.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு உடல் சதைப்பிடித்திருந்தபோது மீண்டும் பந்தயம் நடந்தது. இம்முறை நபி (ஸல்) முந்தி, முந்தைய பந்தயத்துக்கு இது ஈடு என்று அன்போடு சொன்னார்கள். பந்தயத்துக்கு முன் தோழர்களை முன்னே போகச் சொல்லி மனைவிக்குத் தனிமை ஏற்படுத்தித் தந்தார்கள் என்ற விவரமும் ஓர் அறிவிப்பில் வருகிறது. எடை கூடிய மனைவியைக் கேலி செய்யாமல், அவரோடு சேர்ந்து ஓடியதுதான் நமக்கு முன்மாதிரி.

மொட்டை மாடியில் அரை மணி நேரம் மனைவியோடு நடக்கும் கணவர் நமது ஊர்களில் எத்தனை பேர்? அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருபவர்கள் எத்தனை பேர்? ஜமாஅத் நிர்வாகங்கள் மத்ரஸா வளாகத்தையோ திருமண மண்டபத்தையோ தினமும் ஒரு மணி நேரம் பெண்கள் நடப்பதற்கு ஒதுக்கித் தரலாம். இதற்குப் பெரிய செலவில்லை, மனம்தான் வேண்டும்.

அரசுத் திட்டங்களையும் பயன்படுத்த வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் நீரிழிவு உள்ளவர். 2004இல் நேர்ந்த விபத்தில் காலில் பலத்த காயமும் அடைந்தவர். அதன் பிறகே ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் அதிகமான அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

நம் எல்லாராலும் 21 கிலோமீட்டர் ஓட முடியாது. ஆனால் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் நிய்யத் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடந்தால் மட்டுமே மூன்று கிலோமீட்டரைத் தாண்டும் என்பதை அறிவோம். பணம் சேர்க்கும் நாளிலிருந்தே அதற்கான உடலையும் சேர்க்கத் தொடங்கலாம். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று படித்திருக்கிறோம். நாளை பஜ்ருக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடப்போம். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.