மின்துணை வண்டியும் மலைவண்டியும்

ஒரு கருவியின் சிறப்பு அதன் விலையினாலோ புதுமையினாலோ அறியப்படுவதன்று. அது ஆற்றவேண்டிய வினையைக்கொண்டே அறியப்படும். துவிச்சக்கரவண்டி வாங்க விழைவோர் பலர், மலைவண்டி நன்றோ, மின்துணை வண்டி நன்றோ என்று இக்காலத்தே வினவுகின்றனர். இரண்டும் ஒன்றற்கொன்று மாற்றெனத் தோன்றினும், அவை வெவ்வேறு இடர்களைத் தீர்க்க எழுந்தவை. இதனை உணராது தெரிபவர் பெரும் பொருள் செலவிட்டும் பயனிழப்பர்.

மலைவண்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியிலே தோன்றியது. அங்குள்ள இளைஞர் பருத்த ரயர் பூண்ட பழைய வண்டிகளிற் செங்குத்தான மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976இல் ஆங்கு தொடங்கிய ஓட்டப்போட்டி 'ரீபாக்' எனப் பெயர் பெற்றது. இறங்கி முடிவதற்குள் பின்மிதித் தடையிலுள்ள கிறீசு வெப்பத்தால் எரிந்து புகைந்துவிடும்; மீண்டும் கிறீசு அடைக்கவேண்டியிருந்தமையே அப்பெயர்க்குக் காரணம். 1977இல் யோ பிறீசு என்பார் இத்தகைய பாதைக்கென்றே சட்டகம் அமைத்தார். ஆகவே மலைவண்டியின் வலிய சட்டகம், அகன்ற ரயர், உறுதியான தடை, அதிர்வுதாங்கி ஆகிய யாவும் கரடுமுரடான நிலத்துக்கு விடையாக அமைந்தவை.

மின்துணை வண்டியோ மனிதனின் வலுக்குறைவுக்கு விடையாக அமைந்தது. மின்னால் இயங்கும் துவிச்சக்கரவண்டிக்கு 1895இலேயே அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. எனினும், மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்பத் துணைபுரியும் வண்டியை 1993இல் யப்பானின் யமகா நிறுவனமே விற்பனைக்குக் கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற் சாதாரண துவிச்சக்கரவண்டியாகக் கொள்ளப்படுவதற்கு மோட்டாரின் வலு 250 உவாற்றுக்கு மேற்படலாகாது. மிதித்தல் நின்றாலும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டினாலும் துணை நின்றுவிடல் வேண்டும்.

இத்துணையின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பயிற்சியற்ற ஒருவர் நெடுநேரம் தளராது வெளியிடக்கூடிய வலு ஏறத்தாழ 100 உவாற்று. மரின் பகுதியிலுள்ள தமல்பாயிசு மலையின் உயரம் ஏறத்தாழ 784 மீற்றர். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 14 கிலோகிராம் மலைவண்டியிற் கடல்மட்டத்திலிருந்து அவ்வுயரத்தை அடைய, புவியீர்ப்பை வெல்வதற்கு மாத்திரம் ஒரு மணி 48 நிமிடம் செல்லும். 24 கிலோகிராம் மின்துணை வண்டியில், மோட்டாரின் 250 உவாற்றும் உடன் சேர, அவரே 35 நிமிடத்துக்குள் ஏறிவிடுவர். 500 உவாற்று-மணி கொள்ளும் மின்கலவடுக்கின் மூன்றிலொரு பங்களவே இதற்குச் செலவாகும்; உராய்வையும் காற்றுத்தடையையும் சேர்ப்பின் நேரமும் செலவும் சற்றுக் கூடும்.

ஆயினும் இவ்வுதவி விலையின்றிக் கிடைப்பதன்று. மின் தீர்ந்தபின் அப்பத்துக் கிலோகிராம் மிகுதியும் வெறுஞ் சுமையாகும். பாறையும் வேரும் நிறைந்த பாதையில் வண்டியைத் தூக்கிச் செல்ல நேரின் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். இலிதியம் மின்கலம் ஆண்டுதோறும் கொள்ளளவிற் குறையும். வெப்பமான இடத்தில் முழுமின்னேற்றத்துடன் வைத்திருப்பின் விரைந்து கெடும். பழுதுற்ற கலமும் பொருந்தா மின்னேற்றியும் தீவிபத்துக்குக் காரணமாகலாம். எனவே வாங்கும் விலையுடன் புதிய மின்கலத்தின் விலையையும் கணக்கிடல் முறையாகும்.

மின்துணை சோம்பலை வளர்க்கும் என்பாரும் உளர். மிதித்தாலன்றித் துணை கிடையாத வண்டிக்கு அக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்தாது. முதுமையினாலோ முழங்கால் நோவினாலோ வண்டியைக் கைவிட்டவர் அதனால் மீண்டும் வீதிக்கு வருவரேல், அது உடலுழைப்பைக் குறைத்ததாகாது, மீட்டுக்கொடுத்ததாகும்.

இலங்கையை நோக்கின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிற் பலர் மீண்டும் துவிச்சக்கரவண்டியை நாடினர். யாழ்ப்பாணக் குடாநாடு சமதரை. அதன் தார்வீதியில் மலைவண்டியின் முள்ரயர் உழைப்பை வீணாக்குமேயன்றி உதவாது. உடல்வலியுள்ள மாணவனுக்கு அங்கு சாதாரண வண்டியே சாலும்; சோழகக் காற்றை எதிர்த்து நாள்தோறும் நெடுந்தூரம் செல்லும் முதியவர்க்கு மின்துணை தகும். மலைநாட்டின் ஏறுவீதிகளிலே மின்துணையின் பயன் பெரிது. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் மலைவண்டி சிறக்கும். இரண்டு இடரும் ஒருங்கே உள்ளவர்க்கு மின்துணை பூண்ட மலைவண்டியும் உண்டு. ஆயின் அதன் விலையும் நிறையும் அதிகம்.

ஆகவே வாங்குபவர் முதலில் ஆராயவேண்டியது கடையிலுள்ள வண்டியையன்று. தாம் செல்லும் வழியையும் தம் உடலின் ஆற்றலையுமே. வழி கரடாயின் மலைவண்டி. வழி நெடிதாகியோ ஏற்றமாகியோ வலு குறைவாயின் மின்துணை. இரண்டும் இல்லையேல் எளிய வண்டியே அமையும். செயலின் கடினத்தையும் தன் ஆற்றலையும் துணையின் ஆற்றலையும் எடைபோட்ட பின்னரே தொடங்குக என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அரசர்க்கு உரைத்த அறிவுரை, துவிச்சக்கரவண்டி வாங்குவார்க்கும் பொருந்துவதாகும்.