காந்தத் துணிக்கைகளும் புற்றுநோய் வைத்தியமும்

கருமணல் படிந்த கடற்கரையிலே காந்தமொன்றை இழுத்துச் சென்றால், கரிய துணிக்கைகள் அதிலே ஒட்டிக்கொள்வதை நம் சிறுவர்கள் நன்கு அறிவர். அவற்றுள் இரும்பின் ஒட்சைட்டாகிய மக்னடைட்டும் ஒன்று. அப்பொருளையே பத்து நனோமீற்றர் அளவிற்குச் சிறிதாக்கினால், ஒரு மில்லிமீற்றர் நீளத்தினுள் ஓரிலட்சம் துணிக்கைகளை வரிசையாக வைத்துவிடலாம். இத்துணை நுண்ணிய பொருளைக் கொண்டு புற்றுநோயைச் சுட்டழிக்க இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை. புற்றுக் கட்டியை 42 முதல் 45 பாகை வரை சிறிது நேரம் சூடாக்கினால் அதன் கலங்கள் நலிவடைகின்றன. கதிர்ச் சிகிச்சைக்கும் எளிதில் இணங்குகின்றன. துணிக்கைகளைக் கட்டியினுள் செலுத்தி, வினாடிக்கு ஓரிலட்சம் முறை திசைமாறும் காந்தப்புலத்திலே வைத்தால், அவை உள்ளிருந்தே வெப்பத்தை வெளிவிடும். அமெரிக்காவிலே கில்கிறிஸ்ட் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவர்களும் 1957ஆம் ஆண்டிலேயே இம்முறையை நிணநீர்க் கணுக்களிற் சோதித்தனர்.

வெப்பம் எவ்வாறு பிறக்கின்றது? நமது வாவியில் நிற்கும் தோணியை எண்ணிப் பாருங்கள். காற்று மெல்ல மெல்லத் திசைமாறினால் தோணியும் தடையின்றி உடன் திரும்பிவிடும். காற்று மிக விரைந்து மாறினாலோ தோணி திரும்பவே நேரமிராது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில், காற்றைத் தொடர்ந்தும் சற்றுப் பின்தங்கியும் தோணி திரும்பும்போதே நீருடன் மிகுதியாகப் போராடுகின்றது. துணிக்கைகளின் காந்தத் திசையும் இப்படியே புலத்திற்குப் பின்தங்குகையில் வெப்பம் பிறக்கின்றது.

சூடு ஏற ஏற இந்தத் திரும்பல் விரைவுபடும். துணிக்கை மிதக்கும் திரவமும் இளகிவிடும். ஆகவே மிகவும் பின்தங்கிய துணிக்கைகள் சூடேறும்போது கூடுதல் வெப்பம் தரலாம். ஏற்கெனவே விரைவாகத் திரும்புவன குறைவாகவே தரும். அன்றியும், வெப்பம் காந்தத் தன்மையையே குறைப்பதாகும். ஒவ்வொரு காந்தப் பொருளும் குறித்ததொரு வெப்பநிலையில் தன் ஆற்றலை இழந்துவிடும் என்பதைப் பியேர் கியூரி 1895இல் ஆராய்ந்து வெளியிட்டார். மக்னடைட்டுக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 585 பாகை. அவ்வெல்லை 45 பாகையை அண்டியதாக அமையும் கலவைகளை ஆக்கினால், துணிக்கைகள் தாமாகவே அடங்கிவிடும். நல்ல இழையம் வெந்து போகாது.

எனவேதான் அளவீடு இன்றியமையாததாகின்றது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் நீரிலே பத்து மில்லிகிராம் துணிக்கை உளதெனக் கொள்வோம். 30 பாகையில் அது வினாடிக்குப் பத்திலொரு பாகை சூடேறுமாயின், வெளிப்படும் வெப்பம் 0.42 உவாற்று, அதாவது துணிக்கை கிராமொன்றுக்கு 42 உவாற்று. அதே திரவம் 42 பாகையை அடைந்தபின் வினாடிக்கு 0.05 பாகை மட்டுமே ஏறுவதாயின், ஆற்றல் பாதியாயிற்று என்று கூறிவிடலாமா? கூறலாகாது. புலத்தை நிறுத்திப் பார்த்தால் அது வினாடிக்கு 0.03 பாகை குளிர்கின்றது என வைத்துக்கொள்வோம். வெளியே போன அவ்வெப்பத்தையும் கூட்டினால் உண்மை வேகம் 0.08 ஆகும். குறைந்தது பாதியன்று, ஐந்திலொரு பங்கே. இத்திருத்தம் செய்யாத வைத்தியர், தேவைக்கு மிஞ்சிய புலத்தைச் செலுத்திவிடக்கூடும்.

உலோக வெப்பமானி இங்கு உதவாது; மாறும் புலத்தில் அதுவே சூடாகிவிடும். ஆகையால் ஒளியிழை வெப்பமானிகளைப் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தார், திரவத்தைத் தொடாமலே அகச்சிவப்புக் கதிர்களால் அதன் சூட்டைக் கண்டறிந்துள்ளனர். அங்கே இழையத்தை ஒத்த அகார்க் களியிலும் துணிக்கைகளைச் சோதித்தனர். களியிற் சிக்கிய துணிக்கை உடலோடு சுழல இயலாமையால் வெப்பம் குறைந்தது. நீரில் அளந்த அளவு உடலிற் பொருந்தாது என்பதற்கு இது தக்க சான்று. உடலிலோ, ஓடும் குருதியும் வெப்பத்தை அள்ளிச் செல்கின்றது.

ஜேர்மனியிலே, மூளைப் புற்று மீண்டும் தோன்றிய 59 நோயாளருக்கு இச்சிகிச்சையைக் கதிர்ச் சிகிச்சையுடன் சேர்த்து அளித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பலன் நம்பிக்கை தருவதாயினும், ஒப்பிடுவதற்கு வேறொரு குழு அதில் இருக்கவில்லை. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது.

நேயர்களே, புதுமையின் செய்தி கேட்டு, இன்று கைக்கெட்டும் அறுவைச் சிகிச்சையையும் கதிர்ச் சிகிச்சையையும் எவரும் ஒத்திவைத்தல் கூடாது. உடலில் ஐயத்திற்கிடமான கட்டி தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாடுக. சூடு ஒன்றே, அது மருந்தாவதும் தீங்காவதும் இரண்டு மூன்று பாகை வேற்றுமையில் உள்ளது. அவ்வேற்றுமையைப் பிழையின்றி அளப்பவரே நாளை இம்முறையை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவருவர். நம் மாணவருள் சிலரும் அவர்களுள் இடம்பெறுவாராக.